பாய்ப் படகுக்குப் பாரமில்லாத மோட்டர்

"பொல்கொட வாவியில் பாய்ப் படகுப் பந்தயம் பழகப் போகிறேன்" என்று உங்கள் மகன் வந்து நின்றால் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? "காற்று நின்றுவிட்டால் எப்படித் திரும்பி வருவாய்?" என்றுதானே! தயங்காமல் கேளுங்கள் சகோதரிகளே. பழுத்த படகோட்டிகளும் இதைத்தான் கேட்கிறார்கள்.

கொழும்புக்குத் தெற்கே, மொறட்டுவைக்கும் பாணந்துறைக்கும் அருகே விரிந்து கிடக்கிறது பொல்கொட வாவி. அங்கு ஓடும் பந்தயப் படகுகளில் ஒன்று ஜீ.பி. 14. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெக் ஹோல்ட் 1949இல் வடிவமைத்தது. 14 அடி நீளம். பந்தயத்தில் இருவர் ஓட்டுவார்கள். ஜீ.பி. என்றால் பலவிதத் தேவைக்கும் உதவுவது என்று பொருள். பாய் விரித்துப் பந்தயம் ஓடலாம், துடுப்பும் வலிக்கலாம், பின்பலகையில் சிறிய அவுட்போட் மோட்டரைப் பூட்டிக் குடும்பத்தோடு உலாவும் போகலாம்.

ஆனால் பந்தயத்தின்போது மோட்டரை முடுக்க முடியாது. காற்றும் நீரும் தள்ளுவதுதான் கணக்கு. எனவே அன்று மோட்டரைக் கழற்றிக் கரையில் வைத்துவிடுவதே புத்தி. மீட்புப் படகு பக்கத்தில் நிற்குமா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் துடுப்பும் மோட்டரும் இல்லாமல் தூரம் போக விடவேண்டாம்.

இப்படிப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருப்பதால் எடைதான் முதல் விஷயம். பாயும் மரமும் சேராத வெறும் படகு ஏறத்தாழ 133 கிலோ. அதில் 13 கிலோ மோட்டர் என்றால் பத்தில் ஒரு பங்கு! அதுவும் நடுவில் அல்ல, வால் நுனியில். அகன்ற பேசின் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஓரத்தில் அம்மிக் குழவியை வைத்துப் பாருங்கள். படகும் அப்படித்தான்: பின்பக்கம் அமிழும், முன்பக்கம் தூக்கும், ஓட்டம் மந்தமாகும்.

"பெரிய மோட்டர் வாங்கினால் பறக்கும்" என்பார் கடைக்காரர். நம்பாதீர்கள். இந்த நீளமுள்ள படகை மோட்டரால் மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீற்றருக்கு மேல் தள்ள முயன்றால், அது தானே எழுப்பும் அலையில் ஏற முடியாமல் திணறும். அந்த வேகத்துக்கு 2 அல்லது 2½ குதிரை வலு தாராளம்.

இலகுவான மோட்டருக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதையும் உண்டு. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் வாழ்ந்த ஓலே எவின்றூட் 1909இல் விற்பனைக்கு விட்ட மோட்டரின் எடை 62 இறாத்தல், வலு 1½ குதிரை. இயந்திரம் அவருடையது, வியாபாரம் மனைவி பெஸ்ஸுடையது. கணக்கு, கடிதம், விளம்பரம் எல்லாம் அந்தப் பெண்ணின் கையில். ஓய்வில்லாத உழைப்பில் பெஸ்ஸின் உடல்நலம் குன்றியது. கணவர் செய்தது என்ன தெரியுமா? செழித்துக்கொண்டிருந்த நிறுவனத்தில் தம் பங்கை விற்றுவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு ஓய்வுக்குப் புறப்பட்டார்! 1921இல் இருவரும் மீண்டும் தொழிலில் இறங்கியபோது கொண்டுவந்தது அலுமினியத்தால் எடை குறைத்த மோட்டர். முதலாவதைவிடப் பத்து இறாத்தலுக்கு மேல் குறைவு, வலுவோ இரு மடங்கு. எவின்றூட் என்ற பெயரில் மோட்டர் செய்வது 2020இல் நின்றுபோனது. பெஸ்ஸின் கதையை நம் பெண்களும் அறிந்திருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

சரி, கடைக்குப் போவோம். இரண்டு அடிப்பு மோட்டர் 10 கிலோ அளவில் கிடைக்கும். ஆனால் பெற்றோலில் எண்ணெய் கலக்க வேண்டும், புகையும் அதிகம். நான்கு அடிப்பு 13, 14 கிலோ வரும். எண்ணெய் கலக்கும் தொல்லை இல்லை. ஆனால் கண்டபடி கிடத்தினால் உள்ளே இருக்கும் எண்ணெய் சிலிண்டருக்குள் போய்விடும். எந்தப் பக்கமாகக் கிடத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். காற்றால் குளிரும் வகை சத்தம் போடும். ஆனாலும் உவர்நீர் உள்ளே ஓடி அரிப்பதில்லை. மின்கலத்தில் ஓடுவதும் இப்போது உண்டு. சத்தமில்லை, விலைதான் கையைச் சுடும். சார்ஜ் தீர்ந்தால் போத்தலில் கொண்டுபோய் ஊற்றவும் முடியாது!

தண்டின் நீளத்தையும் பாருங்கள். குட்டைத் தண்டு 15 அங்குலம், நெட்டை 20. பின்பலகையின் உயரத்தை அளந்துகொண்டு போனால் ஏமாற மாட்டீர்கள். தண்டு போதாவிட்டால் விசிறி நீருக்கு மேலே வந்து வீணாகச் சுழலும்.

மோட்டரை நிறுத்தும் சிவப்புக் கயிறு ஒன்று கூடவே வரும். அதைக் கையில் மாட்டாமல் முடுக்க வேண்டாம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆள் தவறி விழுந்தால் மோட்டரை அணைப்பது அந்தக் கயிறுதான். இல்லாவிட்டால் சுழலும் விசிறியோடு படகு அவன் மீதே திரும்பக்கூடும். உயிர்காப்பு அங்கி அணியாதவனுக்குப் படகே வேண்டாம்.

பணம் கொடுக்கு முன் மோட்டரைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் எடையில் பெற்றோல் சேர்ந்திருக்காது. பிறகு மகனையே தூக்கச் சொல்லுங்கள், ஒற்றைக் கையால். படகில் அவனுடைய மறு கை எதையாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமே!