நிலத்தில் நிற்கும் விமானம்: புதுப்பித்தலும் பராமரித்தலும்

முலுண்டிலிருந்து தாதர் சென்று, மேற்கு ரயில் பாதைக்கு மாறி, மகாலட்சுமி நிலையத்தில் இறங்கினால் வொர்லியில் உள்ள நேரு அறிவியல் மையத்தை எளிதில் அடையலாம். பள்ளி விடுமுறையில் குழந்தைகளை அங்கே அழைத்துச் சென்ற வாடிக்கையாளர்கள், பழைய டிராம் வண்டி, ரயில் எஞ்சின் ஆகியவற்றோடு ஒரு போர் விமானத்தையும் கண்டிருப்பார்கள். ‘மாருத்’ என்னும் அவ்விமானம் இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் ஜெட் போர் விமானமாகும். ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான இது, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் 147 விமானங்கள் தயாரிக்கப்பட்டன. 1971 போரில் லோங்கேவாலா களத்தில் பங்கேற்ற இவ்வகை, 1990இல் பணி ஓய்வு பெற்றது. சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்திலும் ஒரு மாருத் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

ஓய்வுபெற்ற விமானத்தைத் திறந்தவெளியில் நிறுத்துவது எளிய செயலாகத் தோன்றலாம். உண்மையில் அது நீண்டகாலப் பொறுப்பு. வணிகவியலில் முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று இரு வகை உண்டு. விமானத்தைக் கொண்டுவந்து, வண்ணம் பூசி, பீடத்தில் ஏற்றுவது முதல் வகையைச் சேர்ந்தது. ஒரே தடவையில் முடிவது. அதை ஆண்டுதோறும் காப்பது இரண்டாம் வகை. முதல் வகைக்குத் திறப்பு விழா உண்டு. இரண்டாம் வகைக்கு விழா இல்லை. ஆனால் விமானத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுவே.

அலுமினியமும் அரிக்கப்படும்

விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. இரும்பைப் போல் அது செந்துரு பிடிப்பதில்லை. அதனால் அதற்கு அழிவே இல்லை என்று கருதிவிடக் கூடாது. கடற்காற்றில் உள்ள உப்பு, தகட்டில் ஊசிமுனை அளவுக் குழிகளை உண்டாக்குகிறது. நாளடைவில் தகடு உள்ளிருந்தே ஏடு ஏடாகப் பிரிகிறது. எஃகு ஆணியும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி அலுமினியத்தைக் கரைக்கிறது.

பறக்கும் காலத்தில் இவற்றைப் பொறியாளர்கள் தொடர்ந்து சோதித்து வந்தனர். நிலத்தில் நின்றபின் அந்தக் கண்காணிப்பு நின்றுவிடுகிறது. மும்பையிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,200 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. விமானத்தின் அடிப்பகுதியில் நீர் வடியும் சிறு துளைகள் உண்டு. காய்ந்த இலையும் பறவைக் கூடும் அவற்றை அடைத்துவிட்டால், உள்ளே தேங்கும் நீர் வெளியே தெரியாமல் சட்டகத்தை அரிக்கும். வெயில் வண்ணத்தைச் சுண்ணப் பொடியாக்கும். விமானி அறையின் மேல்மூடியை மங்கச் செய்து, நுண்ணிய விரிசல்களை உண்டாக்கும்.

புதுப்பிக்கும் பணியின் படிகள்

முதற்படி பாதுகாப்பு. எரிபொருள், எண்ணெய், மின்கலம் ஆகியவை அகற்றப்பட வேண்டும். விமானியை ஆபத்துக் காலத்தில் வெளியே வீசும் இருக்கையில் வெடிமருந்து இருக்கும்; அதை உரிய வல்லுநர்களே நீக்க வேண்டும். பழைய விமானங்கள் சிலவற்றில், இருளில் ஒளிரும்படி ரேடியம் பூசிய கருவிமுகங்கள் உண்டு. அவையும் வெளியேற வேண்டும்.

இரண்டாவது, பழைய வண்ணத்தை நீக்குதல். அடிப்பூச்சில் பெரும்பாலும் குரோமேட் இருக்கும். அதன் தூள் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது. ஆகவே வீட்டுக் கதவைத் தேய்ப்பதுபோல் உப்புத்தாள் கொண்டு உலர் நிலையில் தேய்ப்பது கூடாது. ரசாயனத்தால் இளக்கியோ, ஈரமாகத் தேய்த்தோ, உரிய முகக்கவசத்துடன் நீக்க வேண்டும். கழிவையும் சாக்கடையில் விடலாகாது. சிறு பரப்பில் வண்ணத்தை அடுக்கு அடுக்காக எடுத்துப் பார்த்தால், அந்த விமானம் முன்பு தாங்கிய நிறங்களும் எண்களும் வெளிப்படும். அவற்றைப் புகைப்படம் எடுத்து வைத்தபின்பே மேற்கொண்டு செல்வது நல்ல மரபு.

மூன்றாவது, அரிப்பைச் சுத்தம் செய்து, தேவையான இடங்களில் தகட்டை மாற்றுதல். அரிப்பின்மேல் பட்டி பூசி மறைத்தால் இரண்டொரு மழைக்காலத்தில் அது உப்பி உதிர்ந்துவிடும். நான்காவது, உலோகத்தோடு பிடித்துக்கொள்ளும் பிரைமர், அதன்மேல் எபாக்சி பூச்சு, இறுதியில் வெயிலைத் தாங்கும் பாலியூரித்தேன் வண்ணம் என மூன்று அடுக்குகள். தகட்டின் வெப்பநிலை, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்கும்போதுதான் பூச வேண்டும் என்பது வண்ணத் தொழிலின் பொது விதி. ஆதலால் மும்பையில் மழைக்காலம் இப்பணிக்கு உகந்ததன்று.

ஐந்தாவது, சின்னங்கள். இந்திய விமானப்படையின் வட்டச் சின்னத்தில் காவி வெளியிலும், வெள்ளை நடுவிலும், பச்சை மையத்திலும் அமையும். இவ்வரிசையும் அளவும், விமானப் பிரிவின் அடையாளமும் பழைய படங்களோடு ஒப்பிட்டு எழுதப்பட வேண்டும். அதில் பணியாற்றியவர் ஒருநாள் பேரனோடு வந்து பார்க்கும்போது, அது தம் விமானமாகவே இருக்க வேண்டுமல்லவா?

இறுதியாக, நிறுத்துதல். எடை டயர்களின்மேல் இல்லாமல் தாங்கிகளின்மேல் இருக்க வேண்டும். தாங்கியின் எஃகும் விமானத்தின் அலுமினியமும் நேரடியாகத் தொடாதவாறு இடையில் ரப்பர் போன்ற மெத்தை வேண்டும். பலத்த காற்றில் இறக்கை மேலெழும் விசையைத் தாங்குமாறு பிணைப்பும் வேண்டும்.

அரக்கோணத்திலிருந்து விசாகப்பட்டினம்

இப்பணியின் அளவை உணர்த்தும் நல்ல எடுத்துக்காட்டு, தமிழகத்திலிருந்து புறப்பட்ட ஒரு விமானமே. கடற்படையின் டியூ-142 வகை ரோந்து விமானங்கள் 1988இல் கோவாவில் பணியில் சேர்ந்து, பின்னர் அரக்கோணத்தின் ராஜாளி தளத்திலிருந்து பறந்தன. 29 ஆண்டுப் பணிக்குப்பின், 2017 மார்ச் 29 அன்று அங்கேயே அவற்றுக்கு விடை கொடுக்கப்பட்டது. அடுத்த மாதம் அவற்றுள் ஒன்று விசாகப்பட்டினத்துக்குத் தன் கடைசிப் பயணமாகப் பறந்தது. சுமார் 53 மீட்டர் நீளமும் 50 மீட்டர் இறக்கை விரிவும் கொண்ட அதனைப் பகுதிகளாகப் பிரித்து, கடற்கரைச் சாலைக்குக் கொண்டுசென்று மீண்டும் இணைத்தனர். 2017 டிசம்பர் 7 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதனை அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். கடலுக்கு எதிரே நிற்பதால், உப்புக் காற்றோடு அதற்கு நாள்தோறும் போராட்டம்தான். நுழைவுக் கட்டணம் என்ற வருவாய் இருப்பது அதற்கு ஒரு துணை.

விக்ராந்த் தந்த பாடம்

மறுபக்கமும் மும்பைவாசிகளுக்குத் தெரியும். ‘சீ ஹாக்’, ‘அலிஸே’ விமானங்களைச் சுமந்து 1971 போரில் பணியாற்றிய ஐஎன்எஸ் விக்ராந்த், 1997 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்றது. பின்னர் நம் துறைமுகத்தில் மிதக்கும் அருங்காட்சியகமாயிற்று. உடற்பகுதி நலிந்ததால் 2012இல் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. ஏலத்தில் சுமார் 60 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டு, 2014இல் உச்ச நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தபின் தாருகானாவில் உடைக்கப்பட்டது. கப்பலின்மேல் மக்களுக்கு அன்பு குறையவில்லை. அதைத் தாங்கும் அளவுக்கு நிலையான நிதி ஏற்பாடு அமையவில்லை என்பதே துயரம்.

மூழ்கு நிதி என்னும் காவலன்

இதற்கு வணிகவியல் தரும் விடை மூழ்கு நிதி. கற்பனைக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுவண்ணம் பூச 16 லட்சம் ரூபாய் தேவை எனக் கொள்வோம். அப்போது தேடினால் 16 லட்சமும் கடனாகும். முன்கூட்டியே ஒதுக்கி, ஆண்டுக்கு 6 விழுக்காடு கூட்டு வட்டி பெற்றால், ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் ஏறத்தாழ 1 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய் சேர்த்தால் போதும். நாம் செலுத்துவது சுமார் 13 லட்சம். எஞ்சிய 3 லட்சத்தை வட்டி தருகிறது. எந்திரம் வாங்கக் கடன் கேட்போரிடம் அதன் விலையோடு ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் நாங்கள் கேட்பது இதனாலேயே.

முலுண்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு இது புதிதன்று. மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள், வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 விழுக்காட்டைச் ‘சிங்கிங் ஃபண்ட்’ ஆகவும், 0.75 விழுக்காட்டைப் பழுதுபார்ப்பு நிதியாகவும் வசூலிக்கச் சொல்கின்றன. 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடத்துக்கு 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டமைப்புத் தணிக்கையும் உண்டு. மாதாந்திர ரசீதில் இத்தொகைகளைக் கண்டு முணுமுணுக்கும் உறுப்பினர்கள் உண்டு. கடற்காற்றும் மழையும் விமானத்தை விட்டுவைக்காதபோது, மாடிச் சுவரை மட்டும் விட்டுவைக்குமா?

அடுத்த முறை மாருத்தின் அருகில் நிற்கும்போது வண்ணத்தை மட்டும் பாராமல், வயிற்றுப் பகுதியின் வடிதுளைகளையும், ரிவெட் வரிசைகளையும், தாங்கி தொடும் இடங்களையும் பாருங்கள். பிறகு வீடு திரும்பி, உங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கையில் மூழ்கு நிதியின் இருப்பு எவ்வளவு, அது எங்கே முதலீடு செய்யப்பட்டுள்ளது என்னும் இரு விவரங்களைக் கேட்டறியுங்கள்.