கடித்த பிறகு யாருடைய நாய்?

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது அனுமந்தை. விடியுமுன் உப்பளத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கும், கூடையோடு மீன்கரைக்கு நடக்கிறவர்களுக்கும் இந்தப் பக்கத்து நாய்கள்தான் வழித்துணை. சில நாள் வழிமறிப்பும் அவைதான். மீந்த சோறும் மீன் தலையும் போட்டு வளர்க்கிறோம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், ராத்திரிக் காவலுக்கு நம்புகிறோம். யாரையாவது கடித்துவிட்டால் மட்டும் அது ‘ஊர் நாய்’ ஆகிவிடுகிறது.

சட்டம் அவ்வளவு எளிதில் விடாது. தன் வசமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளாதவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியபோது அவற்றின் உரிமையாளர் கைதானார். அதன் பிறகுதான் நகரத்தில் உரிமம், வாய்க்கவசம் என்ற பேச்சு சூடுபிடித்தது.

ஆனால் கிராமத்துச் சிக்கல் ராட்வீலர் அல்ல, குட்டிகள். ஆண் குட்டிக்கு ஆள் கிடைக்கும். பெட்டையைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய்ச் சாலையோரம் விட்டுவிடுவார்கள். அது ஈனும், குட்டியைக் காக்கக் கடிக்கும். பிறகு ‘தெருநாய்த் தொல்லை’ என்று மனு கொடுப்போம்! தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து திரும்ப விடும் முறையை விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964-லேயே சென்னையில் தொடங்கியது. வீட்டு நாய்க்குக் கருத்தடை செய்ய இன்றைக்கும் நமக்குத் தயக்கம். வெறிநோய்த் தடுப்பூசிக்கு அந்தத் தயக்கமும் தேவையில்லை. ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடக்கிறது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, அப்புறம் ஆண்டுதோறும். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய் மூர்க்கமாவதும் வளர்ப்பவர் பிழைதான்.

கடிபட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதை உடைத்துவிடும். உப்பளத்தில் சுற்றிலும் தண்ணீர் இருந்தும் நல்ல தண்ணீர் என்பது குடத்தில் வந்ததுதான். தாகத்துக்கென்று அதை மிச்சம் பிடிக்காமல் காயத்தில் ஊற்றுங்கள். குடத்தோடு ஒரு சோப்பும் போகட்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. ஆட்டு மூளையில் தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா கைவிட்டு இருபது ஆண்டாகிறது. இப்போது கையில்தான் ஊசி. அரசு மருத்துவமனையில் இலவசம். தோலுக்குள் போடும் முறையில் கடிபட்ட அன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்த காயமென்றால் அதைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். வலி நின்றதும், ஒரு நாள் கூலி போகுமே என்று மூன்றாவது, நான்காவது ஊசியை விடுகிறவர்கள் உண்டு. முதலாளிகள் அன்றைக்குக் கூலியோடு விடுப்புக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

கடித்த நாயை உடனே அடித்துக் கொல்லவும் கூடாது. வெறிநோயுள்ள நாய் பெரும்பாலும் பத்து நாளுக்குள் செத்துவிடும். உயிரோடு இருந்தால்தான் கவனிக்க முடியும். அந்தப் பத்து நாளுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம், முதல் ஊசி அன்றைக்கே.