கிளை வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று பாருங்கள்

உங்கள் வீட்டுத் தோட்டத்து மாமரமோ ரம்புத்தான் மரமோ அடர்ந்துவிட்டதா? அரிவாளை எடுக்கும் முன் கால் மணி நேரம் கீழே நின்று கவனியுங்கள். புல்லோ புழுவோ கவ்விக்கொண்டு ஒரு பறவை அதே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே கூடு இருக்கக்கூடும். சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லை. எந்த மாதத்திலும் கூட்டில் குஞ்சு இருக்கலாம்.

பறவைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஏணியில் நிற்கும்போது முகத்துக்கு நேரே பறவை படபடத்துப் பறந்தால் பிடி நழுவும். விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். முதியவர்கள் ஏணியில் ஏறவே வேண்டாம்.

கூடு இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். சின்னான் குருவியின் முட்டை பொரிந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய நான்கு வாரம்தான் ஆகும். கூட்டை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள கிளைகளை வெட்டலாமே என்று பலர் நினைக்கிறார்கள். நிழல் போனால் குஞ்சுகள் வெயிலில் வாடும். காகத்தின் கண்ணிலும் படும். கிளை முறிந்து தொங்கினால், கூட்டைத் தொடாமல் தேசியப் பூங்காக் கழகத்திடம் ஆலோசனை கேளுங்கள். வீவக புளோக்கைச் சுற்றியுள்ள மரம் என்றால் நகர மன்றத்திடம் சொல்லுங்கள், நீங்களே வெட்டாதீர்கள்.

குஞ்சுகள் பறந்தபின் காலிக் கூட்டை அகற்றலாம். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள்; தூசியோடு பூஞ்சைக் கிருமியும் நுரையீரலுக்குள் போகக்கூடும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் துடையுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெட்டிய இலைகளை அன்றே அப்புறப்படுத்துங்கள். அவை கால்வாயை அடைத்தால், தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.