டீசர் எடுக்கும் மாணவர்களே, உஷார்!

ஆம்பூரில் பஸ் ஏறி வரும் மாணவ டைரக்டருக்கு வேலூர் கோட்டையும் அகழியும் ஓசி செட்டிங் மாதிரி தெரியும். ஆனால் கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஸ்டாண்டு, லைட்டு என்று இறங்கினால் முன் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் காமிராவைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்!

எடுத்த டீசரை யூடியூப்பில் போட சென்சார் தேவையில்லை. அதையே தியேட்டரில் இடைவேளையில் ஓட்டினால் சர்டிபிகேட் கட்டாயம். 1952-ம் வருஷச் சட்டம் அப்படி.

விளம்பரத்தில் பேனர்தான் வில்லன். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் கல்யாண பேனர் சரிந்து விழுந்தது. ஸ்கூட்டரில் வந்த 23 வயது என்ஜினீயர் பெண், பின்னால் வந்த லாரியில் சிக்கிப் பலியானார். அனுமதியில்லாத பேனர் அது. ஐகோர்ட்டு கொதித்தது.

காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஒரு போஸ்டர், செல்போனில் ஸ்டேட்டஸ். இதற்குக் கம்பம் நட வேண்டாம் தம்பி!