பூனைத் தீன் பக்கற்றை எறியாதீர்கள்

சாப்பாட்டைத் தொடாமல் மூலையில் படுத்துக் கிடக்கும் பூனைகளை அமிர்தகழியிலிருந்தும் மாமாங்கத்துப் பக்கமிருந்தும் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் நாலைந்து நாள் கழித்துத்தான் வருகிறார்கள். என்ன தீன் என்று கேட்டால், "லண்டனில இருந்து தங்கச்சி அனுப்பினது டொக்டர்" என்பார்கள், அல்லது கடையில் நிறுத்து வாங்கியது என்பார்கள். பக்கற் எங்கே என்றால், "டப்பாவுக்குள்ள கொட்டிட்டு வீசிட்டம்" என்பதே பதில். எனக்கு வேண்டிய தகவல் அந்தப் பக்கற்றோடு போய்விடுகிறது.

கப்பலில் வரும் தீன்

2021 ஜூன் மாதம் பிரித்தானியாவில் பல பெயர்களில் விற்ற உலர் பூனைத் தீன் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. அவற்றைத் தயாரித்தது ஒரே தொழிற்சாலை. எலும்பு மச்சை செயலிழந்து இரத்த அணுக்கள் குறைந்ததால் பாதிக்கப்பட்ட பூனைகள் 560க்கு மேல். அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட இறந்தன. மீளப்பெற்ற தீனின் சில மாதிரிகளில் தானியங்களில் வளரும் பூஞ்சணத்தின் நச்சு இருந்தது. அதுதான் காரணம் என்ற சந்தேகம் வலுவானது. ஆனால் அரச விசாரணை அதை அறுதியாகச் சொல்லவில்லை.

2007 மார்ச்சில் மெனு ஃபூட்ஸ் என்ற கனடிய நிறுவனம் 6 கோடி டின்களையும் பைகளையும் மீளப்பெற்றது. புரதம் கூடுதலாகத் தெரிவதற்காகக் கோதுமைப் பசையத்தில் கலந்த மெலமைன், சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் பளிங்குகளாகப் படிந்திருந்தது.

கப்பல் பார்சல் மட்டக்களப்பு வந்து சேர மாதங்கள் ஆகும். அங்கே மீளப்பெற்ற தீன் அப்போது நடுக்கடலில் இருக்கக்கூடும். அந்த அறிவித்தலை இங்கே யாரும் உங்கள் வாசலில் வந்து சொல்லப்போவதில்லை.

நம்பி ஏமாறாதீர்கள்

"வெளிநாட்டுச் சாமான், பழுதிருக்காது." மேலே சொன்ன இரண்டும் வெளிநாட்டில் நடந்தவை.

"மணந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு." மெலமைனும் பூஞ்சண நச்சும் மணத்தில் பிடிபடுவதில்லை. வெயிலில் காயவைத்தாலும் அவித்தாலும் அந்த நச்சு போகாது. பூஞ்சணம்தான் சாகும்.

"மற்றப் பூனைக்கு ஒன்றும் ஆகல்ல." ஒன்று அதிகம் தின்றிருக்கும், இன்னொன்று முற்றத்தில் எலி பிடித்துத் தின்றிருக்கும். ஒரு வீட்டில் ஒரு பூனை மட்டும் நோய்ப்படுவது புதிதல்ல.

"வயிற்றைக் காயப்போட்டால் சரியாகும்." இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பூனை, அதுவும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கு ஆபத்தாகும்.

பக்கற் தீனே வேண்டாமென்று பச்சை நெத்தலியை மட்டும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பச்சையாகத் தின்றால் அதிலுள்ள நொதியம் விற்றமின் பி1ஐ அழிக்கும்; நாளடைவில் பூனை தள்ளாடும், வலிப்பும் வரும். அவித்துக் கொடுங்கள்.

பனடோல் கொடுக்காதீர்கள்

உடம்பு சுடுகிறது என்று அரைக் குளிசை பனடோலைப் பாலில் கரைத்துப் பருக்குகிறார்கள். பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது. முரசு கபில நிறமாகும், முகம் வீங்கும், மூச்சுத் திணறும். நஞ்சுத் தீனிலிருந்து தப்பியிருக்கக்கூடிய பூனை குளிசையால் சாகிறது. தெரியாமல் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு, நேரம்தான் இல்லை.



உங்களிடம் கேட்பது

தீனை டப்பாவில் கொட்டினாலும் பக்கற்றை உள்ளேயே வையுங்கள். தொகுதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பெயரும் இலக்கமும் இல்லாத உதிரித் தீனை வாங்க வேண்டாம். அனுப்பும் உறவினரிடம், அந்தத் தீன் அங்கே மீளப்பெறப்பட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை.

சந்தேகம் வந்தால் உடனே நிறுத்துங்கள். மிச்சத்தைக் கோழிக்கோ தெருப் பூனைக்கோ போடாதீர்கள், வாவியில் கொட்டாதீர்கள். கட்டி வைத்துக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுவாருங்கள்; இங்கே வாங்கியதென்றால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடுங்கள். சாப்பிடாமை, வாந்தி, முரசு வெளுப்பு, தோலின் கீழ் இரத்தக்கசிவு, அதிகத் தண்ணீர்த் தாகம், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே வாருங்கள். தயவுசெய்து நாலாம் நாள்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.