ஒன்பது இன்ச் தூணில் நிற்கும் ஊர்

மவுலிவாக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 61 உயிர்கள் போன பிறகு சென்னையின் கட்டட விதிகள் சும்மா இருக்கவில்லை. 2019 பிப்ரவரியில் மாநிலம் முழுமைக்கும் ஒரே தொகுப்பாகத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 1.5-லிருந்து 2 ஆனது. உயர்மாடிப் பட்டியலில் சேராமலே 18.3 மீட்டர் வரை எழுப்பலாம் என்றும் ஆனது. கீழே கார் நிறுத்த ஸ்டில்ட் எனும் திறந்த தளம், அதற்கு மேல் ஐந்து மாடி. எந்த வீட்டுத் தரகரைக் கேட்டாலும் மூச்சு விடாமல் கணக்குச் சொல்வார். எவ்வளவு உயரம், பக்கத்தில் எத்தனை அடி விட வேண்டும், யுடிஎஸ் எனும் பிரிக்கப்படாத நிலப்பங்கு எவ்வளவு வரும் என்றே பேச்செல்லாம் ஓடுகிறது. அந்த ஐந்து மாடியையும் சுமக்கப்போகும் தூண்களைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

சென்னைக்கும் நிலநடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பவர்கள் உண்டு. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்குள் 5.5 அளவில் பூமி அசைந்தபோது, சென்னையிலும் மக்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். மறு ஆண்டு வெளியான இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் புதிய நிலநடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. மிதமான ஆபத்துதானே என்று இதையும் தள்ளிவிடலாம்.

ஆனால் அகமதாபாத்தும் அதே மூன்றாம் மண்டலம்தான். 2001 ஜனவரி 26 அன்று பூமி அதிர்ந்தது கட்ச் பகுதியில். அங்கிருந்து அகமதாபாத் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்த ஊரில் எழுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். விழுந்தவற்றில் பல, கீழே கார் நிறுத்தக் காலியாக விட்டு மேலே நான்கைந்து மாடி எழுப்பிய அடுக்குமாடிகள். மேல் மாடிகளில் செங்கல் சுவர்கள் இருப்பதால் அவை விறைப்பாக நிற்கும். கீழ்த்தளத்தில் சுவரே கிடையாது. பூமி ஆடும்போது மொத்த ஆட்டமும் அந்த ஒரு தளத்தின் தூண்கள் மீது இறங்கும்.

இன்று மடிப்பாக்கத்திலும் மேடவாக்கத்திலும் எழும் கட்டடங்களின் அமைப்பும் இதேதான். காருக்கு இடம் வேண்டும் என்பது ஒரு காரணம். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023-ல் மிக்ஜாம் புயலும் தரைத்தள வீடு என்றாலே மக்களைப் பயப்பட வைத்துவிட்டது இன்னொரு காரணம். தண்ணீருக்குப் பயந்து வீட்டைக் கால் மேல் நிறுத்தியதில் தப்பில்லை. அந்தக் கால் எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி.

சென்னையில் பல காலமாகத் தூணின் அகலம் ஒன்பது இன்ச். சுவரும் ஒன்பது இன்ச் என்பதால் தூண் அதற்குள்ளேயே மறைந்துவிடும். அறை மூலையில் தூண் துருத்திக்கொண்டு நின்றால் பீரோ எங்கே வைப்பது, கட்டிலை எப்படித் திருப்புவது என்று வீட்டுக்காரர்களே சண்டைக்கு வருவார்கள். 2016-ல் திருத்தப்பட்ட இந்தியத் தர விதி ஐ.எஸ். 13920, மூன்றாம் மண்டலத்திலும் அதற்கு மேலும் நிலநடுக்க விசையைத் தாங்கும் தூண்களின் குறுகிய பக்கம் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அதாவது ஏறக்குறைய ஓர் அடி. ஒன்பது இன்ச் என்பது 230 மில்லிமீட்டர்தான். அதே ஆண்டு திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893, திறந்த தளம் உள்ள கட்டடத்துக்குக் கான்கிரீட் சுவரோ குறுக்குச் சட்டமோ கொடுத்து வலுவேற்றச் சொல்கிறது. விதி எழுதி எத்தனையோ ஆண்டாகிவிட்டது. பீரோ மட்டும் அதே மூலையில்தான் இருக்கிறது.

தூணின் அளவைவிடக் கவலை தருவது ரிங். கட்டுமான இடத்தில் ஒரு பலகையில் ஆணிகள் அடித்து, 8 மில்லிமீட்டர் கம்பியைச் சதுரமாக வளைத்துக் குவித்து வைத்திருப்பார்கள். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பது இந்த ரிங்தான். இதன் இரண்டு முனைகளும் 135 டிகிரிக்கு உள்நோக்கி வளைந்து, வளைவுக்குப் பிறகும் குறைந்தது 65 மில்லிமீட்டர் நீண்டு, கான்கிரீட்டின் நடுவயிற்றுக்குள் குத்தி நிற்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் முனையை 90 டிகிரியில், எல் வடிவத்தில் மடித்து விட்டுவிடுகிறார்கள். அது வளைக்கச் சுலபம், கம்பிக்குள் மாட்டவும் சுலபம். தூண் ஆடி மேல்பூச்சு உதிர்ந்ததும் எல் முனை விரிந்து ரிங் அவிழ்ந்துவிடும். பிடியில்லாத நெடுங்கம்பிகள் வெளிப்பக்கம் பிதுங்கும். அதோடு தூண் முடிந்தது.

தூணின் தலையிலும் காலிலும் ரிங்குகள் நான்கு இன்ச் இடைவெளிக்கு மேல் போகக் கூடாது. உத்தரமும் தூணும் சேரும் முட்டில் நிலைமை இன்னும் மோசம். அங்கே கம்பி நெருக்கத்தில் கை நுழையாது என்று ரிங்கே போடாமல் விட்டுவிடுவது சகஜம். கம்பி கட்டுகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கூலி டன் கணக்கில். எந்த டிகிரியில் வளைத்தாலும் காசு ஒன்றுதான்.

இதையெல்லாம் யார் பார்ப்பது? 2019 விதிகள் கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று ஒவ்வொருவரையும் பதிவு செய்யச் சொல்லி, பொறுப்பையும் பிரித்துக் கொடுத்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் பின்னால் வந்த மாற்றங்கள் வேறு திசையில் போயின. 2024-ல், எட்டு வீடுகளுக்கும் 750 சதுர மீட்டருக்கும் மிகாத, 14 மீட்டர் உயரத்துக்குட்பட்ட குடியிருப்புகள் பணி நிறைவுச் சான்று வாங்கத் தேவையில்லை என்றானது. ஸ்டில்ட்டும் மூன்று மாடியும் வைத்த சின்ன அடுக்குமாடிகள் அப்படியே இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். அதே ஆண்டு ஜூலையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதியும் வந்தது. ஒவ்வொரு ஆய்வும் ஒரு தாமதம், தாமதத்துக்கும் ஒரு செலவு என்று கட்டுநர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் நிறைவுச் சான்றுக்கு வருகிற ஆய்வாளர்கூடப் பார்ப்பது பூச்சு முடிந்த தூணைத்தான். உள்ளே ரிங் எந்த டிகிரியில் மடிந்திருக்கிறது என்று அவருக்கும் தெரியப்போவதில்லை. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பு கம்பியைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் கட்டாய ஆய்வு, குறைந்தபட்சம் ஸ்டில்ட் தளத்துக்காவது, அடுத்த திருத்தத்தில் வந்தாக வேண்டும்.

அதுவரை, கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் வீடு பதிவு செய்தவர்கள் மாடுலர் கிச்சன் படத்தைக் கேட்பதோடு கட்டமைப்பு வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். ஸ்டில்ட் தூண் ஓர் அடிக்குக் குறைந்தால் ஏன் என்று பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பலகையடித்து மூடுவதற்கு முன்தினம் ஒருமுறை நேரில் போய், ரிங் முனைகள் உள்ளே மடிந்திருக்கின்றனவா என்று பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.