மாற்றுத்திறனாளிப் பெற்றோரும் ஆயர் பணியும்

உடற்குறையுடையோரைக் குறித்து நம் சபைகளில் பேசும்பொழுது, அவர்களை உதவி பெறுவோராகவே கருதுகிறோம். அவர்களுள் பலர் தாயாராகவும் தகப்பனாராகவும் இருக்கின்றனர் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். இரு கால்களும் முடமான மேவிபோசேத் அரச பந்தியில் அமர்ந்ததைப் பிரசங்கிக்கும் நாம், அவனுக்கு மீகா என்னும் சிறு மகன் இருந்ததையும், அவனுடைய நிலத்தைப் பயிரிடும்படி சீபாவின் வீட்டார் நியமிக்கப்பட்டதையும் (2 சாமு. 9) கவனியாமல் கடந்துவிடுகிறோம். பந்தியில் இடம் கிடைத்ததோடு, அவன் குடும்பம் நிலைபெறவும் வழி செய்யப்பட்டது. உடற்குறையுடைய பெற்றோருக்குச் செய்யும் எவ்வுதவியும் அவர்களுடைய பெற்றோர் நிலையைத் தாங்கவேண்டும், அதைப் பறிக்கலாகாது.

பறித்த உதவிக்கு மிஷன் வரலாறே சான்றாகும். 1874இல் தோன்றிய தொழுநோய் மிஷனின் இல்லங்களில், நோயற்ற பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனி விடுதிகளில் வளர்ப்பது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. தக்க மருந்தில்லாத அக்காலத்தில் அதன் நோக்கம் பிள்ளைகளைக் காப்பதே. எனினும், பெற்ற பிள்ளையை வளர்க்கும் உரிமையை அத்தாய்மார் இழந்தனர். 1982 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவி, நோய் முற்றிலும் குணமாகும் நிலை வந்தது. அதன் பின்னரும், கிறிஸ்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் தொழுநோய் மணமுறிவுக்குக் காரணமாக இடம்பெற்றிருந்து, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீக்கப்பட்டது.

இன்று சட்டம் வேறு நெறியைக் காட்டுகிறது. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்று, 2007இல் இந்தியா உறுதிசெய்த உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, பெற்றோரின் ஊனத்தைக் காரணங்காட்டிப் பிள்ளையைப் பிரிக்கலாகாது என்றும், பிள்ளை வளர்ப்பில் அவர்களுக்குத் தக்க உதவி அளிக்கவேண்டும் என்றும் கூறுகிறது. மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணின் சம்மதமின்றி அவளது கருவைக் கலைக்கலாகாது என 2009இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, இத்தகைய பெண்களின் பிழைப்புக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் அரசு திட்டம் வகுக்கவேண்டும் என்கிறது. ஆனால் 'பொருளாதார வரம்புக்குட்பட்டு' என்னும் நிபந்தனையும் அதிலுண்டு. மத்திய அரசுப் பணியிலுள்ள மாற்றுத்திறனாளித் தாய்மாருக்குக் குழந்தை இரண்டு வயதடையும் வரை அளிக்கப்படும் சிறப்புப் படி, 2017இல் மாதம் 3,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கூலி வேலை செய்யும் தாய்க்கு இப்படி எட்டாதது.

சோழவரம் முதல் கும்மிடிப்பூண்டி வரையுள்ள தொழிற்பகுதியை எண்ணிப் பார்ப்போம். ஆலை விபத்தில் கையிழந்த தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. திட்டத்தில் உரிமையுண்டு. முழு ஊனமெனில் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடும், பகுதி ஊனமெனில் மருத்துவக் குழு கணிக்கும் இழப்புக்கேற்பவும் மாதந்தோறும் தொகை கிடைக்கும். ஆயினும் ஒற்றைக் கையால் குழந்தையைக் குளிப்பாட்டுவது எவ்வாறென்று அவனுக்குக் கற்பிப்பவர் யார்? பிழைப்புக்காக வெளிமாநிலத்தினின்று வந்த குடும்பமெனில், தூளியை ஆட்டப் பாட்டியும் அருகிலில்லை.

இங்கே ஆயர் செய்யத்தக்கவை சில உள. முதலாவது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, நல வாரியப் பதிவு, அதன்வழி பிள்ளைகளுக்குரிய கல்வி உதவி ஆகியவற்றைப் பெற, திருவள்ளூரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு உடன் செல்லலாம். இரண்டாவது, வீட்டுக்குள் சிறு மாற்றங்களுக்கு உதவலாம்: சக்கர நாற்காலியின் உயரத்துக்கேற்ற தொட்டில், பார்வையற்ற தாய் குழந்தை இருக்குமிடம் அறியக் கொலுசு, செவிகேளாத் தாய்க்குக் குழந்தை அழுதால் ஒளிரும் விளக்கு. மூன்றாவது, செவிகேளாப் பெற்றோரிடம் அவர்தம் பிள்ளையை மொழிபெயர்ப்பாளனாக நிறுத்திப் பேசும் வழக்கத்தை விடவேண்டும். அது பிள்ளையின் தோளில் பெரியோரின் சுமையை ஏற்றிப் பெற்றோரைச் சிறியோராக்குகிறது. ஞானஸ்நான ஆராதனையில் அவர்கள் தங்கள் பொருத்தனையைச் சைகை மொழியிலேயே செய்யட்டும்.

சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இரக்கத்தால் குழந்தையைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக முன்வரக்கூடும். அவர்களிடம் ஆயர் சொல்லவேண்டியது: குழந்தை தாயின் மடியிலேயே இருக்கட்டும், நீங்கள் தண்ணீர் சுமந்து கொடுங்கள், சோறு வடித்துக் கொடுங்கள்.